தேவையில்லாத நாற்காலி

உலகத்திலுள்ள கம்ப்யூட்டர்கள் எல்லாம் ஒருநாள் என் சித்தி காலில் விழுந்து, எங்களுக்கும் யோசிக்கச் சொல்லிக் கொடுங்கள் என்று கெஞ்சப்போகின்றன. இத்தனைக்கும் சித்தியின் வகுப்பில் ஒரு கம்ப்யூட்டர்கூடக் கிடையாது. பள்ளிக்கூட மாடியறை, பன்னிரண்டு வாண்டுகள், கொஞ்சம் அட்டைகள், அவ்வளவுதான். ஒரு வேலையைச் சின்னச் சின்னப் படிகளாக உடைத்துப் பிள்ளைகள் அட்டையில் எழுதுவார்கள். சித்திதான் இயந்திரம். எழுதியதை எழுதியபடி செய்வாள். எழுதாததைத் தலைகீழாக நின்றாலும் செய்ய மாட்டாள்.

மற்றபடி சித்திக்கு ஓரிடத்தில் இருப்புக் கொள்ளாது. பூட்டிய பூட்டை மூன்று முறை இழுத்துப் பார்ப்பாள். அந்த வெள்ளிக்கிழமை ஏழு முறை இழுத்தாள். வகுப்பு தொடருமா, மாடியறை உடைந்த பெஞ்சுகளுக்குப் போகுமா என்று தலைமையாசிரியை அன்று நேரில் பார்த்து முடிவு சொல்வதாக இருந்தது.

ஒன்பதாவதோடு படிப்புக்கு முழுக்குப் போட்டுவிட்டு, சித்திக்கு ஒத்தாசையாக வகுப்புக்கு வரும் எனக்குக் கை சும்மா இருக்குமா? பாட்டில் தண்ணீரை டம்ளரில் ஊற்றும் பாடம். அதில் 'மூடியைத் திற' அட்டையை உருவி இடுப்பில் செருகிக்கொண்டேன். எல்லாரும் சிரிப்பார்கள், சித்தியின் படபடப்பும் அடங்கும் என்று நினைத்தேன்.

தலைமையாசிரியை வந்ததும் முன்வரிசையில் உட்கார்ந்தார். ஓட்டைப்பல் குட்டி ஒவ்வொரு அட்டையாக வாசித்து மேசையில் வரிசையாக வைத்தாள். சித்தி மூடிய பாட்டிலை டம்ளருக்கு மேல் கவிழ்த்தபடி நின்றாள். ஒரு சொட்டு விழவில்லை. யாரும் சிரிக்கவுமில்லை. தலைமையாசிரியை கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த எனக்கு விளையாட்டு வினையானது புரிந்தது. வராந்தாவிலிருந்த நாற்காலியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனேன். அதை இறக்கும் சாக்கில் அட்டையை மேசையில் போட்டேன். அவசரத்தில் வரிசையின் கடைசியில் போட்டுவிட்டேன்.

ஓட்டைப்பல் அதையும் வாசித்தாள். சித்தி, கவிழ்ந்த பாட்டிலை அப்படியே திறந்தாள். மேசை, புடவை, தலைமையாசிரியையின் செருப்பு, எல்லாம் வெள்ளம்.

"மிஸ் சரியாத்தான் செஞ்சாங்க. வரிசைதான் தப்பு," என்றாள் ஓட்டைப்பல். அட்டையை இரண்டாவது இடத்துக்கு நகர்த்தி, மிச்சத் தண்ணீரோடு மறுபடி தொடங்கச் சொன்னாள். டம்ளர் பாதி நிறைந்தது.

தலைமையாசிரியை காலை உதறிக்கொண்டு எழுந்தார். "அடுத்த வருஷமும் நடத்துங்க. முதல்ல தரையத் துடைங்க."

துடைக்கும் துணியை என் கையில் திணித்துவிட்டுச் சித்தி மெதுவாகக் கேட்டாள்: "அவங்க வந்ததுமே உக்காந்துட்டாங்க. அப்புறம் அந்த நாற்காலி எதுக்குடி?"