எனக்கு நானே கொடுத்த சம்மன்

1. நாஜர் மேஜை

வெள்ளைக்காரன் போய் இரண்டு மூன்று வருடம் இருக்கும். ஒரு திங்கட்கிழமை காலை, எனக்கு ஒதுக்கிய சம்மன் கட்டைப் புரட்டிக்கொண்டிருந்தேன். நடுவில் ஒன்றில் பிரதிவாதி என்ற இடத்தில் என் பெயர் இருந்தது. தகப்பனார் பெயர், தெரு, உத்தியோகம் எல்லாம் சரியாக இருந்தன. கோர்ட்டார் தப்பு விட்டிருப்பார்கள் என்று நினைக்கக்கூட வழியில்லை.

அப்போது நான் சிவில் கோர்ட்டில் பிராசஸ் சர்வர். ஜனங்கள் சம்மன்காரர் என்பார்கள். வழக்குப் போடப்பட்டவர் வீட்டைத் தேடிப்போய், ஆளை நேரில் பார்த்து, சம்மனைக் கொடுத்துக் கையெழுத்து வாங்கி வர வேண்டும். அதற்குச் சார்வு செய்வது என்று பெயர். தோளில் குறுக்காக டவாலி, அதில் பித்தளை வில்லை. சங்கரன்கோவில் டவுனில் பாதியும், பனவடலிசத்திரம், மேலநீலிதநல்லூர்ப் பக்கத்துக் கிராமங்களும் என் பீட்.

சம்மன்களைப் பிரித்துக் கொடுப்பவர் நாஜர். அவர் என்னை ஓரமாக அழைத்தார்.

"சுடலைமுத்து, சத்தம் போடாதேயும். உம்ம தெரு உம்ம பீட்டுலதான வருது. வேற ஆள்ட்ட குடுத்தா மத்தியானத்துக்குள்ள பஜார் பூரா பேசும். நீரே வச்சுக்கிடும். போனேன், ஆள் ஊர்ல இல்லன்னு ரெண்டு மூணு தரம் எழுதிக் குடும். அப்படியே கொஞ்ச மாசம் ஓடிரும். அதுக்குள்ள எங்கனயாவது பணத்தப் புரட்டப் பாரும்."

நல்ல மனிதர். என்மேல் உள்ள பிரியத்தில்தான் சொன்னார். எனக்கும் அன்று அது தேவவாக்காகத்தான் கேட்டது.

வழக்குப் போட்டவர் மிளகாய் மண்டி வேலாயுதம் அண்ணாச்சி. தங்கை கல்யாணத்துக்காக அவரிடம் புரோநோட்டு எழுதிக் கொடுத்து நானூறு ரூபாய் வாங்கியிருந்தேன். கல்யாணத்துக்கு அவ்வளவு தேவைப்படவில்லை. மிச்சத்தில் ஒரு சீமை சைக்கிள் வாங்கினேன். டவாலியோடு மணியடித்துக்கொண்டு போனால் ரத வீதியே திரும்பிப் பார்க்கும் என்று ஒரு ஆசை. பார்க்கத்தான் செய்தார்கள். முதல் வருடம் வட்டி கட்டினேன், அப்புறம் அதையும் விட்டேன். அண்ணாச்சி கடை இருக்கிற தெருவை விட்டுச் சுற்றிப் போகப் பழகினேன். வாங்கிய சைக்கிள் அதற்குத்தான் உபயோகப்பட்டது.

கோர்ட் சிப்பந்தி மேல், பணத்தைக் கட்டு என்று டிக்ரி ஆகி, அதையும் கட்டாமல் வாரண்டு வந்தால் டவாலியைக் கழற்றி வைத்துவிட்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான். எனக்குத் தெரிந்த வேலை அது ஒன்றுதான்.

2. ஆணியில் தொங்கிய டவாலி

மத்தியானம் வீட்டுக்குச் சாப்பிடப் போனேன். டவாலியை ஆணியில் மாட்டிவிட்டு உட்கார்ந்ததும் வாசலில் குரல் கேட்டது. அண்ணாச்சி கடைக் கணக்கப்பிள்ளை. நான் எழுந்து தானியக் குலுக்கைக்குப் பின்னால் போய் நின்றேன். இது எங்கள் வீட்டில் வழக்கமாகிவிட்ட காரியம். என் மனைவி கோமதி வாசலுக்குப் போனாள்.

"சம்மன்காரர் இருக்காராம்மா?"

"அவுக ஊர்ல இல்லீங்க. தென்காசிக்கு ஒரு துட்டிக்குப் போயிருக்காக."

எத்தனையோ வாசல்களில் நின்று நான் கேட்ட அதே பேச்சு. துட்டி என்கிற சாவு வீடு, தென்காசி, தலையைக் குனிந்துகொண்டு சொல்வது, எல்லாம் அதேதான். அப்படிச் சொல்லும் வீடுகளில் நான் முதலில் பார்ப்பது வாசலில் செருப்பு கிடக்கிறதா என்றுதான். அன்று செருப்பை ஜாக்கிரதையாக உள்ளே எடுத்து வைத்திருந்தேன். டவாலியை மறந்துவிட்டேன். வாசலுக்கு நேரே ஆணியில், பித்தளை வில்லை வெயில் பட்டு மின்னிக்கொண்டு தொங்கியது.

கணக்கப்பிள்ளை அதைப் பார்த்திருக்கிறார்.

"சரி தாயி. துட்டிக்குப் போன மனுசன் வந்ததும் அந்த டவாலிய மாட்டிக்கிட்டு ஒரு நடை கடைக்கு வரச் சொல்லு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

கோமதி கதவைச் சாத்திவிட்டு அடுப்படிக்குப் போகாமல் அங்கேயே நின்றாள்.

"இந்தப் பொய்ய இனிமே என்னால சொல்ல முடியாது. நீங்க குலுக்கைக்குப் பொறத்தால நிக்கிய. நான் வாசல்ல நிக்கேன். அவமானம் யாருக்கு?"

எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. சோறு கேட்டேன், போட்டாள், இறங்கவில்லை. சட்டைப் பையில் அந்தச் சம்மன் இருந்தது. ஆள் இருந்தும் இல்லை என்று எழுதித் தரச் சொல்லி எவ்வளவோ பேர் கையில் காசு வைத்து அழுத்தியிருக்கிறார்கள். ஒருவனுக்கும் எழுதிக் கொடுத்ததில்லை. எனக்கு மட்டும் எழுதுவதா?

கையைக் கழுவிவிட்டு டவாலியை எடுத்து மாட்டிக்கொண்டேன். சம்மன் நகலைப் பிரதிவாதியாகிய நான் வாங்கிக்கொண்டு, அசலின் பின்புறத்தில் கையெழுத்துப் போட்டேன். அதன் கீழே பிராசஸ் சர்வராகிய நான் எழுதினேன்: "பிரதிவாதியை அவர் வீட்டில் நேரில் கண்டு, அவரை எனக்கு நன்கு தெரியுமாதலால், நகலைக் கொடுத்துக் கையெழுத்துப் பெற்றேன்."

"கிறுக்குப் பிடிச்சிருச்சா?" என்றாள் கோமதி.

"இன்னைக்குத்தாம்ட்டி தெளிஞ்சிருக்கு" என்றேன்.

3. ஒரே ஆளா?

நாஜர் அதைப் படித்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார். "நான் உமக்கு மூச்சு விட இடம் குடுத்தா, நீரே கழுத்துல கயித்த மாட்டிட்டு வாரீரே வே" என்றார். ஆனால் சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

வாய்தா அன்று டவாலியில்லாமல் போய் நின்றேன். முன்சீப் அய்யா கட்டைப் புரட்டி, சம்மனின் பின்பக்கத்தைப் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தார்.

"சார்வு செய்தவரும் வாங்கியவரும் ஒரே ஆளா?"

"ஆமாங்கய்யா."

"பிரதிவாதி இவர்தான் என்பதற்குச் சாட்சி?"

"எம் பொஞ்சாதிங்க."

கோர்ட் முழுவதும் சிரித்தது. வேலாயுதம் அண்ணாச்சி மட்டும் சிரிக்கவில்லை. அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் சொல்லிவிட்டேன். "கடன் வாங்குனது நெசம். அசலும் வட்டியும் ஒத்துக்கிடுதேன். மொத்தமாக் கட்டச் சக்தியில்ல. மாசத் தவணை தரணும்யா."

அண்ணாச்சியின் வக்கீல் எழுந்தார். இவர் சம்பளம் இவர் வயிற்றுக்கே போதாது, எதைக் கொண்டு தவணை கட்டுவார் என்று கேட்டார். நியாயமான கேள்விதான். நானும் கோமதியும் அதற்குப் பதில் யோசித்து வைத்திருந்தோம். சைக்கிளை விற்று முதலில் ஒரு பகுதி. மிச்சத்துக்கு, கோமதி காலையில் பருத்திப்பால் காய்ச்சி விற்பாள்.

"பருத்திப்பால் விற்று டிக்ரியை அடைப்பாராம்" என்றார் வக்கீல்.

முன்சீப் அய்யா அண்ணாச்சியைப் பார்த்தார். அண்ணாச்சி என்னையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "ஆளு ஒளியாம வந்து நிக்கான். குடுத்துப் பாப்பம்யா" என்றார். தவணை கிடைத்தது. ஒரு நிபந்தனையோடு: தொடர்ந்து இரண்டு தவணை தவறினால் முழுப் பணத்துக்கும் வாரண்டு. அப்புறம் டவாலி ஆணிக்கு வேலையில்லை.

4. ஜின்னிங் பேக்டரி வாசல்

எங்கள் ஊரில் பருத்திக்கொட்டைக்குப் பஞ்சமில்லை. முந்தின நாளே ஊறப்போட்டு, விடியுமுன் ஆட்டுரலில் ஆட்டிப் பால் பிழிந்து, அரிசி மாவும் கருப்பட்டியும் சுக்கும் சேர்த்துக் காய்ச்ச வேண்டும். ஆட்டுவது என் பங்கு. கோர்ட்டில் அதிகாரமாக நடக்கிறவன் வீட்டில் குழவி பிடிக்கிறான் என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். பேசட்டும் என்று ஆட்டினேன்.

முதல் நாள் வியாபாரம் படுத்துவிட்டது. அதற்குக் காரணம் நான்தான். விற்று முடித்ததும் அப்படியே கோர்ட்டுக்குப் போகலாம் என்று டவாலியை மாட்டிக்கொண்டு, பானையைத் தலையில் தூக்கிக்கொண்டு, பருத்தியில் கொட்டை பிரிக்கிற ஜின்னிங் பேக்டரி வாசலுக்குப் போனேன். பின்னால் கோமதி குவளைகளோடு வந்தாள். மூட்டை தூக்குகிறவர்கள் அங்கே கூட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். வில்லையைக் கண்டதும் ஒருவர் எழுந்தார், இன்னொருவர் எழுந்தார், நான் பானையை இறக்குவதற்குள் வாசல் காலி. அவர்களில் பாதிப் பேர் என் கையில் சம்மன் வாங்காமல் எத்தனை மாதமாகத் தப்பித்துக்கொண்டிருந்தவர்களோ தெரியாது.

"நாளைக்கு நீங்க வராதிய" என்றாள் கோமதி. மறுநாள் அவளே பானையைச் சுமந்து போனாள். வெயில் ஏறுவதற்குள் பானை காலி.

கோர்ட்டில் ஒரு கிளார்க், "என்னவே, வீட்டுக்காரிய தெருவுல விட்டுட்டீரு" என்று கேட்டார். "அவ தெருவுல நிக்கா. நீரும் நானும் கடன் குடுத்தவனக் கண்டா சந்துல நிக்கோம். எது கௌரவம்?" என்று கேட்டேன். அவருக்கும் பஜாரில் பாக்கி உண்டு. அதற்குப் பிறகு அவர் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

5. ஆனியும் ஆடியும்

சைக்கிளை விற்றுவிட்டதால் பீட்டுக்கு நடந்தே போனேன். எனக்கு முன்னால் கதை போய்ச் சேர்ந்துவிட்டது. பனவடலிசத்திரத்தில் வெள்ளாமை பார்க்கிற ஒரு சம்சாரி, வழக்கமாக என்னைக் கண்டால் கம்மங்காட்டுக்குள் இறங்கி ஓடுகிறவர், அன்று வரப்பில் நின்றார். "தனக்குத்தானே சம்மன் குடுத்த ஆளு நீருதானவே? நீரே வாங்கிக்கிட்டீரு. எனக்கென்ன மானம் கொறஞ்சா போச்சு? கொண்டாரும்" என்று கையெழுத்துப் போட்டார். திரும்பும்போது தன் வண்டியிலேயே டவுன் வரைக்கும் ஏற்றிக்கொண்டு வந்தார்.

தவணைகள் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தன. ஆனி மாதம் பஞ்சு வரத்து நின்றது. பேக்டரியைப் பூட்டிவிட்டார்கள். மூட்டை தூக்குகிறவர்கள் அவரவர் ஊருக்குப் போய்விட்டார்கள். அந்த மாதத் தவணை தவறியது. ஆடியும் தவறினால் வாரண்டு. எனக்குப் பயமாக இருந்தது, மறைப்பதற்கில்லை. நேரே அண்ணாச்சி கடைக்குப் போய், "இந்த மாசம் முடியல அண்ணாச்சி" என்று சொன்னேன். அவர் மிளகாயைக் கிள்ளிப் பார்த்துக்கொண்டே, "கோர்ட் சொன்னது சொன்னதுதாம்வே" என்றார்.

ஆடித்தபசுத் திருவிழா வந்தது. அம்மனைப் பார்க்கச் சுற்றுப்பட்டு ஜனமெல்லாம் வண்டி கட்டிக்கொண்டு வந்துவிடும். இருந்த கருப்பட்டி, கொட்டை எல்லாவற்றையும் போட்டு, அண்டா வாடகைக்கு எடுத்து, ரத வீதி முனையில் கோமதி கடை போட்டாள். பக்கத்தில் காபிக்கடை, கலர் சோடாக்கடை, மிட்டாய்க்கடை. காலையில் எங்கள் பக்கம் ஒருவரும் திரும்பவில்லை.

பொழுது சாயும் நேரம் பனவடலிசத்திரத்து வண்டிகள் வந்தன. வரப்பில் நின்ற அந்தச் சம்சாரி முதலில் இறங்கினார். "ஏலே, இங்கன வாங்க. இது நம்ம சம்மன்காரர் கடைல்லா" என்று கூப்பாடு போட்டார். வண்டி வண்டியாக வந்தார்கள். மேலநீலிதநல்லூர்க்காரர்களும் சேர்ந்துகொண்டார்கள். நான் சம்மன் கொடுத்தவர்கள், கொடுக்கப் போகிறவர்கள், இரண்டு தடவை ஏமாற்றி ஓடியவர்கள், எல்லோரும் குவளையைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். "சம்மன்காரரே, இதுக்கும் கையெழுத்துப் போடணுமா?" என்று ஒருவர் கேட்டார். கோமதி சிரித்து நான் பார்த்து வெகுநாள் ஆகியிருந்தது. அன்று சிரித்தாள். அண்டா வழித்தெடுத்த பிறகும் ஆள் வந்துகொண்டிருந்தது.

மறுநாள் கோர்ட் திறந்ததும் இரண்டு தவணையையும் சேர்த்துக் கட்டினேன்.

6. வாசலில் ஒரு குரல்

அடுத்த தபசுக்கு முன்பே கடன் முழுவதும் தீர்ந்தது. டிக்ரி நிறைவேறியது என்று எழுதி முன்சீப் அய்யா கையெழுத்துப் போட்டதை நாஜர் என்னிடம் காட்டி, "படியும், வாய்விட்டுப் படியும்" என்றார். படித்தேன்.

பின்னால் எத்தனையோ வருடம் சம்மன் கொடுத்தேன். நான் கண்டது இதுதான். கடன் ஒருவனையும் தெருவில் நிறுத்துவதில்லை. ஒளிவதுதான் நிறுத்துகிறது. இவ்வளவு தர வேண்டும், இன்று இல்லை, இப்படித் தருகிறேன் என்று முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டால் பாதிப் பாரம் அந்த இடத்திலேயே இறங்கிவிடும். மீதிப் பாதியை இறக்க உடம்பு இருக்கிறது. எனக்குக் கோமதியும் இருந்தாள்.

கடன் தீர்ந்த வாரம் மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். வாசலில் வேலாயுதம் அண்ணாச்சியின் குரல் கேட்டது.

"சம்மன்காரர் இருக்காரா?"

கொடுக்க வேண்டியது ஒரு தம்பிடி இல்லை. இருந்தும், இத்தனை வருடப் பழக்கம், சாப்பிட்ட கையோடு எழுந்து குலுக்கைப் பக்கம் ஓரடி வைத்துவிட்டேன். கோமதி பார்த்துவிட்டாள். என்னைப் பார்த்தபடியே போய், ஒருபக்கம் சாத்தியிருந்த கதவையும் சேர்த்து அகலத் திறந்தாள்.

"இருக்காக அண்ணாச்சி. உள்ள வாங்க" என்றாள், தெருவுக்கே கேட்கும்படி.

அண்ணாச்சி வந்தது மண்டி ஆட்களுக்குத் தினமும் பருத்திப்பால் வேண்டும் என்று சொல்லத்தான். சொல்லிவிட்டு, பணத்தை வாரக் கடைசியில் தரலாமா என்று கேட்டார்.

"கடன் கெடையாது அண்ணாச்சி" என்றாள் கோமதி.