விரல் ஆடாத பாட்டு

எனக்குப் பாட்டு கேட்கத் தெரியாது. என் கல்யாணத்தில் நாதஸ்வரக்காரர் என்ன வாசித்தார் என்று கேட்டால், சத்தமாக வாசித்தார் என்றுதான் சொல்வேன். இப்படிப்பட்ட ஒருவனைத்தான் செல்வலட்சுமி தன் பாட்டுகளுக்குப் பரீட்சை அதிகாரியாக வைத்துக்கொண்டாள். கெட்டிக்காரப் பெண். தெரிந்துதான் வைத்திருப்பாள்.

நான் திருத்தங்கலில் ஓர் அச்சகத்தில் வேலை பார்க்கிறேன். பட்டாசுப் பெட்டியில் ஒட்டுகிற லேபிள்களை வேனில் ஏற்றிக்கொண்டு கம்பெனி கம்பெனியாகப் போய் இறக்குவது என் பிழைப்பு. எம். புதுப்பட்டியில் செந்தூர்பாண்டி முதலாளியின் பட்டாசுக் கம்பெனிக்கு அடிக்கடி போவேன். கேட்டை ஒட்டி வெளியே ஒற்றை அறையில் ஆபீஸ். வந்த சரக்கைப் பார்த்துக் கையெழுத்துப் போடுகிற பெண்தான் செல்வலட்சுமி. பி.காம். படித்தவள். அவள் அம்மா கருப்பம்மாள் அக்கா, உள்ளே ஒரு ரூமில் புஸ்வாணத்துக்கு மருந்து நிரப்புகிறவர். மகளுக்கு வெளியே நாற்காலி, அம்மாவுக்கு உள்ளே பலகை. கருப்பம்மாள் அக்காவின் வாழ்நாள் சாதனை அது. அதைப் பஸ்ஸில் ஏறுகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பார்.

செல்வலட்சுமிக்கு ஒரு கிறுக்கு உண்டு. பாட்டுகளைச் சேர்த்து லிஸ்ட் போடுவாள். ஊரெல்லாம் போடுகிற மாதிரி சோகப் பாட்டு, காதல் பாட்டு என்று போட்டால் நான் ஏன் இதை எழுதப்போகிறேன்? ‘கதாநாயகனுக்கு வேலை இருக்கிற பாட்டுகள்’ என்று ஒரு லிஸ்ட் வைத்திருந்தாள். தமிழ் சினிமா முழுக்கத் தேடியும் அதில் கொஞ்சம்தான் தேறியது. ‘மாமியார் பக்கத்தில் இருந்தாலும் கேட்கலாம்’ என்று ஒன்று. ‘சாப்பாட்டைப் பற்றி யாராவது நினைக்கிற பாட்டுகள்’ என்று ஒன்று. ‘பாட்டு முடிவதற்குள் யாராவது ஊரைவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள்’ என்று ஒன்று. கடைசியாகச் சொன்ன லிஸ்ட்தான் அவளிடம் இருந்ததிலேயே நீளம்.

கம்பெனிக்குள் செல்போன் கூடாது. காலையில் கேட்டிலேயே வாங்கிப் பெட்டியில் போட்டுப் பூட்டிவிடுவார்கள். ஆயுத பூஜைக்கு வாங்கிய ஸ்பீக்கர் ஒன்று ஆபீஸ் பக்கத்து வேப்பமரத்தில் கட்டியபடியே கிடந்ததால், முதலாளி ஒருநாள், “சும்மா கெடக்குறதுக்குப் பாட்டாவது பாடட்டும்மா” என்றார். அன்றிலிருந்து உள்ளே இருக்கிற அத்தனை பேருக்கும் செல்வலட்சுமி போடுவதுதான் பாட்டு. வேலியைத் தாண்டிக் காற்று கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ரேடியோ நிலையமே தனக்கு எழுதிக் கொடுத்த மாதிரி நடந்துகொண்டாள்.

அடுத்த சில மாதத்தில் வேறொரு கம்பெனியில் வெடிவிபத்து. பேர் வேண்டாம், எல்லோருக்கும் தெரியும். மறுநாள் பஸ்ஸை விட்டு இறங்கிய பெண்கள் நேரே ஆபீஸ் வாசலுக்கு வந்தார்கள். “தாயி, நெருப்பு, தீ, பத்திக்கிருச்சுன்னு வர்ற பாட்டு எதுவும் இனிமே வேணாம்” என்றார்கள். இவளும் தலையாட்டிவிட்டு உட்கார்ந்தாள். அப்புறம்தான் தெரிந்தது, தமிழில் காதலித்தவன் ஒருத்தனும் தீக்காயம் இல்லாமல் தப்பவில்லை என்பது. ஒருத்திக்கு மூச்சு சுடுகிறது, ஒருத்தனுக்கு நெஞ்சு வேகிறது. ஒவ்வொரு வரியாகக் கேட்டுப் பொறுக்கி எடுத்து, ‘நெருப்பே வராத பாட்டுகள்’ என்று ஒரு லிஸ்ட் செய்து முடித்தாள். பெண்கள் அவளைத் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடினார்கள். அத்தோடு கதை முடிந்திருந்தால் எவ்வளவோ நன்றாயிருந்திருக்கும்.

தீபாவளி சீசன் நெருங்கியது. முதலாளி ஒருநாள் வந்து, “லட்சுமி, நல்லா குத்துப் பாட்டாப் போடும்மா. எல்லாரும் தூங்கி வழியுறாக” என்றார். போட்டாள். அன்று சாயங்காலம் கம்பெனி பஸ்ஸில் அவள் அம்மா முகமெல்லாம் சிரிப்பாக வந்து பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார்.

“இன்னைக்குப் போட்டியே புள்ள, அந்த மேளப் பாட்டு. பொளுது போனதே தெரியல. கை அதுபாட்டுக்குப் போகுது, நிக்கவே இல்ல.”

அவள் சட்டென்று அம்மாவின் கையைப் பிடித்துப் பார்த்தாளாம். இந்தப் பக்கத்துக்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன். காகிதக் கூம்புக்குள் மருந்தை நிரப்பிக் கட்டையால் அமுக்க வேண்டும். மெல்ல அமுக்கினால் அது புஸ்வாணம். தட்டிவிட்டால், உரசிவிட்டால், அந்த ரூமில் கூரை இருக்காது. அந்த வேலையில் கை அதுபாட்டுக்குப் போகவே கூடாது. ஒவ்வொரு தடவையும் மனசு சொல்லித்தான் போக வேண்டும். ஆனால் கூலியோ செய்து முடித்த எண்ணிக்கைக்குத்தான். கை வேகமாகப் போனால் முதலாளிக்கும் லாபம், வேலை செய்கிறவர்களுக்கும் லாபம். வேகம் வேண்டாம் என்று சொல்ல அங்கே யாருக்கும் காரணம் இல்லை, இவள் ஒருத்தியைத் தவிர.

அம்மாவிடம் சொல்லிப் பார்த்தாள். “பாட்டா மருந்த அமுக்குது? என் கைதான அமுக்குது. இத்தன வருசத்துல ஒரு தடவ தவறியிருக்கா? நீ சும்மா கெட” என்றார் கருப்பம்மாள் அக்கா. முதலாளியிடம் சொன்னாள். “நீ பாட்ட மட்டும் பாரும்மா. மத்தத போர்மேன் பாத்துக்கிடுவாரு” என்றார். போர்மேன் இருளாண்டி நல்ல மனுஷன்தான். என்ன, குத்துப் பாட்டு என்றால் அவருக்கே தோள் தன்னால் ஆடும்.

அப்போதுதான் நான் மாட்டினேன். லோடை இறக்கிவிட்டுக் கையெழுத்துக்காக நின்றேன். “அண்ணே, கைய இப்படி மேசை மேல வைங்க” என்றாள். ஏதோ ரேகை பார்க்கிறாளாக்கும் என்று வைத்தேன். ஒரு பாட்டைப் போட்டுவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரத்தில் என் ஆட்காட்டி விரல் மேசையைத் தட்டியது. சத்தியமாக நான் தட்டவில்லை, அது தட்டியது. “இது ஆகாது” என்று அந்தப் பாட்டை எடுத்துவிட்டாள்.

“ஒங்களுக்குத்தான் பாட்டே தெரியாதேண்ணே. ஒங்க விரலே ஆடுதுன்னா அந்தப் பாட்டுக்கு எல்லாரு விரலும் ஆடும்.”

இப்படியொரு மரியாதை எனக்கு என் வீட்டில்கூடக் கிடைத்ததில்லை. அன்றிலிருந்து போகும்போதெல்லாம் கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். ‘விரல் ஆடாத பாட்டுகள்’ என்பது அந்த லிஸ்டின் பேர். கேட்கச் சோகமாக இருக்கக் கூடாது, முதலாளிக்குச் சந்தேகம் வரும். ஆனால் தாளம் கையைப் பிடித்து இழுக்கக் கூடாது. நடுவில் யாராவது பேசுகிற பாட்டு, சிரிக்கிற பாட்டு, பாடுகிறவர் நினைத்த இடத்தில் இழுத்து நிறுத்துகிற பாட்டு என்று தேடித் தேடிச் சேர்த்தாள். குத்துப் பாட்டுகளைச் சாப்பாட்டு நேரத்துக்கும் வீட்டுக்குக் கிளம்புகிற நேரத்துக்கும் தள்ளிவிட்டாள். முதலாளி சாப்பாட்டு நேரத்தில்தான் எட்டிப் பார்ப்பார். அவர் காதுக்கு எல்லாம் சரியாக இருந்தது.

உள்ளே இருந்தவர்கள் சும்மா இருப்பார்களா? “ஏ புள்ள, தாலாட்டா பாடுறே? ஒக்காந்தா கண்ணச் சொக்குது” என்று திட்டினார்கள். முன்னே தூக்கிவைத்த தலையிலிருந்து இப்போது இறக்கிவிட்டார்கள். எல்லோருக்கும் முந்தித் திட்டியது அவள் அம்மாதான். செல்வலட்சுமி அடுத்த விரல் ஆடாத பாட்டைப் போட்டாள்.

மதுரையில் ஒரு எஃப்.எம்.காரர்கள் நேயர்களிடமிருந்து விதவிதமாகப் பாட்டு லிஸ்ட் கேட்டிருந்தார்கள். இவள் விளையாட்டாகக் கதாநாயகனுக்கு வேலை இருக்கிற பாட்டுகளை அனுப்பிவைத்தாள். அதைக் கேட்டு அங்கே விழுந்து விழுந்து சிரித்திருக்கிறார்கள். நேரில் கூப்பிட்டுப் பேசினார்கள். வேலைக்கே வந்துவிடச் சொன்னார்கள். பாட்டு பொறுக்குவதற்குச் சம்பளம்! என்னிடம் சொன்னபோது அவளுக்குக் குரல் நிலையாக இல்லை. நான் சந்தோஷத்தில் இனிப்பு வாங்கி வரவா என்று கேட்டேன். அதற்குள் அவள் முகம் மாறிவிட்டது.

“நான் போயிட்டா இங்கன யாருண்ணே பாட்டு போடுவா?”

“இருளாண்டி போடுவாரு.”

“அதான்.”

எனக்கு எரிச்சலாக வந்தது. ஒரு பெண்ணுக்கு வாழ்க்கையில் ஒரு கதவு திறக்கிறது, அதைச் சாத்துவதற்கு வேப்பமரத்தில் ஒரு ஸ்பீக்கர். அவள் என்னென்னவோ செய்து பார்த்தாள். அம்மாவை வேலையை விடச் சொன்னாள். “விட்டுட்டு? ஒன் முகத்தப் பாத்துக்கிட்டு ஒக்காரவா?” என்று கேட்டார் அக்கா. ஒருநாள் ஒயரை அவளே கழற்றிவிட்டு ஸ்பீக்கர் கெட்டுப்போச்சு என்று சொன்னாள். கடமை தவறாத இருளாண்டி விருதுநகர் போய்ப் புதிதாக இரண்டு ஸ்பீக்கர் வாங்கி வந்து, ஒன்றை அந்தக் கோடி வேலியில் கட்டிவிட்டார். முன்னே காற்றுக்குத் தகுந்தபடி கேட்ட பாட்டு, இப்போது ஒவ்வொரு ரூமிலும் கணீரென்று கேட்டது. அன்று அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தாள். தீபாவளி வரைக்கும் ஓடுகிற மாதிரி விரல் ஆடாத பாட்டுகளைச் சேர்த்து, ஒரு பழைய போனில் ஏற்றி, இருளாண்டியிடம் கொடுத்துவிட்டுப் போவது. காலையில் ஒரு தடவை அமுக்கினால் போதும், சாயங்காலம் வரை அதுவே பாடும். அந்த லிஸ்டை முடிக்க என் கை மேசையில் கிடந்து மரத்துப்போனது. கடைசிப் பாட்டு தேறியதும் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு சிரித்தாள். அப்படி அவள் சிரித்து நான் பார்த்ததே இல்லை.

“அண்ணே, இத யாரும் மாத்தக் கூடாதுன்னு சொல்லிட்டேன். மாமாவும் சரின்னுட்டாரு” என்றாள். மாமா என்றது இருளாண்டியை.

மதுரைக்குப் போனாள். அடுத்த நாள் லோடோடு போனேன். ஆபீஸ் நாற்காலியில் யாரும் இல்லை, கையெழுத்துக்கு இருளாண்டியே வந்தார். வேப்பமரத்தில் அவள் லிஸ்ட்தான் மெதுவாகப் பாடிக்கொண்டிருந்தது. எனக்கு நிம்மதியாக இருந்தது. கையெழுத்தை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். அதற்குப் பின்னால் நடந்ததை அவள் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

அன்று ராத்திரி அம்மா அவளுக்குப் போன் செய்திருக்கிறார். வேலை எப்படி, சாப்பாடு எப்படி என்று எல்லாம் கேட்டுவிட்டு, சந்தோஷமாகச் சொன்னாராம்.

“காலைல பூரா ஒன் தாலாட்டுப் பாட்டுத்தான். நான்தான் பொறுக்கமாட்டாம, சாப்பிட வந்தப்ப இருளாண்டிகிட்டச் சண்ட போட்டு மாத்தச் சொன்னேன். அப்புறம் போட்டான் பாரு! கை நிக்கல புள்ள. என்னை அங்கன ஒருத்தியும் முந்த முடியல.”

இரண்டு நாள் கழித்து நான் போனபோது செல்வலட்சுமி பழைய நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். என்னைக் கண்டதும் தலையைக் குனிந்து கையெழுத்துப் போட்டாள். கருப்பம்மாள் அக்கா அவளோடு பேசுவதில்லை என்று கேட்டில் சொன்னார்கள். மகள் நல்ல வேலையைக் காலால் உதைத்துவிட்டு வந்துவிட்டாளாம். ஏன் வந்தாய் என்று கேட்டதற்கு, மதுரை வெயில் ஒத்துக்கொள்ளவில்லை என்றாளாம். விருதுநகர் ஜில்லாக்காரிக்கு மதுரை வெயில் ஒத்துக்கொள்ளவில்லை! பொய் சொல்லத் தெரியாதவர்கள் பொய் சொன்னால் இப்படித்தான்.

“அது கைக்குப் பயந்துதான் வந்தேன்னு அம்மாட்ட நெசத்தச் சொல்லவேண்டியதுதான?” என்றேன்.

“சொன்னா அது கை நடுங்கும்ணே. நடுங்குற கையோட அங்கன ஒக்காரணுமா?”

எதையாவது நல்லதாகச் சொல்லலாம் என்று, “தீபாவளி முடியட்டும். அதுக்கப்புறம் போயிரலாம்” என்றேன்.

“தீபாவளி முடிஞ்சா கல்யாண ஆர்டர் வரும். அது முடிஞ்சா கோயில் கொடை. எப்பண்ணே ஓயுது?” என்றாள். போனில் எதையோ தேடிக்கொண்டே, யோசிக்காமல் சொன்னாள். “இனி எங்கம்மா கை ஓஞ்சாத்தான் நான் போக முடியும்.”

சொன்னது என்ன என்பது அவளுக்கே அப்புறம்தான் காதில் விழுந்தது போல. தேடிய விரல் அப்படியே நின்றுவிட்டது. நான் வேனைப் பார்த்துக்கொண்டு நின்றேன். உள்ளே கருப்பம்மாள் அக்கா இருந்த ரூம் பக்கமிருந்து ஒரு சத்தமும் இல்லை. இங்கே சத்தம் இல்லை என்றால் எல்லாம் நல்லபடியாக இருக்கிறது என்று அர்த்தம்.

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

“ஒரு புதுப் பாட்டு இருக்குண்ணே. கைய வைங்க.”

வைத்தேன்.