பயணிகள்: இரண்டு

இது நான் கட்டிவிட்ட கதை இல்லை. கட்டிவிடுகிற அளவுக்கு எனக்குச் சாமர்த்தியமும் போதாது. குழம்புக்கு உப்புப் போட்டேனா இல்லையா என்பதே எனக்கு நினைவிருக்காது என்று என் வீட்டுக்காரர் சத்தியம் செய்வார். ஆனால் அந்தச் செவ்வாய்க்கிழமை மட்டும் நிமிடம் நிமிடமாக நினைவிருக்கிறது. என் கழுத்தில் இரண்டு விரல் அகலத்துக்குத் தழும்பு இருக்கிறது. நம்பாதவர்கள் வந்து பார்க்கலாம். நடந்தது பட்டப்பகலில்.

முதலில் என் உத்தியோகத்தைச் சொல்லிவிடுகிறேன். ஓட்டுநர் இல்லாமல் தானாக ஓடும் வாடகைக் கார்கள் இருக்கின்றன அல்லவா, அப்படி ஒரு கம்பெனியில் வேலை. கார்களுக்குள் கேமரா உண்டு. உள்ளே ஏதாவது விபரீதமாக அசைந்தால், பத்து நொடிப் படம் உடனே எங்கள் மேசைக்கு வந்துவிடும். பார்த்துவிட்டு நான்கு பட்டன்களில் ஒன்றை அழுத்த வேண்டும். அழுக்கு, மறந்த பொருள், விளையாட்டு, சண்டை. நாள் முழுக்க இதே பிழைப்பு.

பயணிகளின் அந்தரங்கத்தைக் காப்பாற்றுகிறோம் என்று சத்தத்தை நீக்கிவிடுவார்கள். முகத்தையும் அழித்துவிடுவார்கள். கழுத்துக்கு மேலே, ஈரத்துணியால் துடைத்த மாதிரி ஒரு சாம்பல் தீற்றல்தான் தெரியும். அழுகிறார்களா சிரிக்கிறார்களா என்று நாங்களாக ஊகித்துக்கொள்ள வேண்டியதுதான்.

‘சண்டை’யை அழுத்தினால் இரண்டு பக்கப் படிவம் நிரப்ப வேண்டும். மேலதிகாரி வந்து முதுகுக்குப் பின்னால் நிற்பார். அதனால் எங்கள் அறையில் எட்டுப் பேருக்கும் ஒரே பழக்கம். சந்தேகமாக இருந்தால் ‘விளையாட்டு’.

அந்தச் செவ்வாய்க்கு மூன்று வாரம் முன்பு, பகல் 12.52க்கு ஒரு படம் வந்தது. ஒரு பெண் இரண்டு உள்ளங்கைகளாலும் ஜன்னல் கண்ணாடியை அறைந்துகொண்டிருந்தாள். பக்கத்தில் ஒரு ஆண். அவன் கையில் சீட் பெல்ட்.

எதிர் மேசை அண்ணன் எட்டிப் பார்த்தார்.

“என்னம்மா, பலமா அடிக்கிறாப்ல இருக்கே?”

“ரெண்டும் கூத்தடிக்குதுங்கண்ணே.”

எனக்குப் பசி. ‘விளையாட்டு’ என்று அழுத்திவிட்டுச் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தேன். இதை இப்போது எழுதும்போதும் கை கூசுகிறது.

சரி, செவ்வாய்க்கு வருகிறேன்.

என் மகள் இரண்டாம் வகுப்பு. நான்கு மணிக்குப் பள்ளி விடும். வழக்கமாக அவள் அப்பாதான் கூட்டி வருவார். அன்று அவர் வெளியூரில். அரை நாள் விடுப்புச் சொல்லிவிட்டு, எங்கள் கம்பெனிக் காரையே கூப்பிட்டேன். காலையிலேயே அவளிடம் படித்துப் படித்துச் சொல்லியிருந்தேன். “கேட்டை விட்டு நகரக் கூடாது. யாரு கூப்பிட்டாலும் போகக் கூடாது. அம்மா வந்துடுவேன்.”

3.41க்கு ஏறினேன். கதவு மூடியது. பூட்டு விழும் சத்தம். டொக்.

3.44. காரின் குரல் சொன்னது. “பக்கத்து இருக்கைப் பயணி பெல்ட் அணியவும்.”

பக்கத்தில் என் கைப்பைதான் இருந்தது. எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

டிங்... டிங்... டிங்...

“பக்கத்து இருக்கைப் பயணி பெல்ட் அணியவும்.”

எங்கள் கம்பெனி லட்சணம் எனக்குத் தெரியாதா? ஏதோ கோளாறு என்று சிரித்துக்கொண்டேன்.

3.47. பக்கத்து பெல்ட் மெதுவாக வெளியே வந்தது. தானாக. ஒரு மடியைச் சுற்றுவது போல வளைந்து வந்தது.

க்ளிக்.

டிங் சத்தம் நின்றது. முன்னால் இருந்த திரையில் எழுத்து மாறியது. பயணிகள்: 2.

சிரிப்பு போய்விட்டது. பக்கத்து மெத்தை அமுங்கியிருந்தது... ஆள் உட்கார்ந்த அளவுக்கு.

பயணத்தை ரத்து செய்யப் போனேன். போகும்போது ரத்து செய்ய வேண்டுமென்றால் முகத்தைக் காட்ட வேண்டும். திரைக்கு நேராகக் காட்டினேன்.

“முகம் தெரியவில்லை.”

கிட்டப் போய்க் காட்டினேன்.

“முகம் தெரியவில்லை.”

திரையில் என்னைப் பார்த்தேன். அதே புடவை. அதே தோள். கழுத்துக்கு மேலே... சாம்பல் தீற்றல்.

என் மூக்கைத் தொட்டுப் பார்த்தேன். இருந்தது.

3.55. தலைமுடிக்குள் விரல்கள் நுழைந்தன. கையைக் காணோம். ஆனால் ஐந்து விரலும் நுழைந்ததை எண்ண முடிந்தது.

என் தலையைக் கண்ணாடியில் மோதியது.

ணங்.

மறுபடியும். ணங். மூன்றாவது தடவை புருவத்துக்கு மேல் கிழிந்தது. கண்ணுக்குள் ரத்தம் இறங்கியது. கதவைப் பிடித்து இழுத்தேன். ஓடும்போது திறக்காது. பாதுகாப்புக்காம்! பிரேக் இல்லை. ஸ்டியரிங் இல்லை. பிடித்துத் திருப்ப அந்தக் காரில் ஒன்றுமே இல்லை.

என் பெல்ட் மேலே ஏறியது. மார்பிலிருந்து தோளுக்கு. தோளிலிருந்து கழுத்துக்கு.

இறுகியது.

4.01. பள்ளி வாசல்.

மகள் நின்றுகொண்டிருந்தாள். சொன்னபடியே, கேட்டை விட்டு ஓர் அடி நகராமல். நீலப் பை. ஒரு பக்க ரிப்பன் அவிழ்ந்து தொங்கியது.

கார் நிற்கவில்லை.

இரண்டு உள்ளங்கைகளாலும் கண்ணாடியை அறைந்தேன். கத்தினேன். சத்தமே வரவில்லை.

அவள் பார்த்தாள். சிரித்தாள். அம்மா வேடிக்கை காட்டுகிறாள் என்று நினைத்துவிட்டாள். குதித்துக் குதித்துக் கையசைத்தாள்.

கார் பள்ளியைச் சுற்றியது. விரல்களைக் கடித்தேன். காற்றைத்தான் கடித்தேன்... வாயில் மட்டும் அடுத்தவர் ரத்தத்தின் சூடு. கையை உதறினேன். சுண்டுவிரலைப் பின்னால் மடக்கியது. ஒடிந்த சத்தம் கேட்டது.

4.08. மறுபடியும் வாசல். இப்போது அவள் சிரிக்கவில்லை. காரோடு கூடவே நான்கு அடி ஓடி வந்தாள்.

அய்யோ, ஓடி வராதே... ஏறிவிடாதே...

பெல்ட் இன்னும் இறுகியது.

காதுக்குள் இரைச்சல்.

4.15. மூன்றாவது தடவை. அவள் அழுதுகொண்டிருந்தாள். என் கை மேலே எழவில்லை.

கண் இருண்டது.

அவ்வளவுதான் என்று நினைத்தேன்.

4.16.

கார் நடுரோட்டில் நின்றது. டொக். நான்கு கதவும் திறந்தன. பெல்ட் தளர்ந்தது. ரோட்டில் விழுந்தேன்.

மகள் ஓடி வந்து கட்டிக்கொண்டாள். பள்ளிக் காவலாளிதான் எங்கள் இருவரையும் தூக்கி உட்கார வைத்தார். புருவத்தில் ஏழு தையல். சுண்டுவிரலில் கட்டு. தையல் போட்ட டாக்டரம்மா குரலைத் தாழ்த்திக் கேட்டார். “வீட்டுக்காரர் அடிச்சாரா? பயப்படாம சொல்லுங்க.” என்னத்தைச் சொல்ல?

மறுநாள் எதிர் மேசை அண்ணன் பார்க்க வந்தார். உட்காரவே இல்லை.

“மன்னிச்சிரும்மா. உன் படம் எனக்குத்தான் வந்துச்சு. முகம் தெரியாதே... நீன்னு எனக்கு எப்படித் தெரியும்? ரெண்டு பேரு விளையாடுறாங்கன்னு நெனச்சு அழுத்திட்டேன்.”

“ரெண்டு பேரா?”

“ஆமாம்மா. ரெண்டு தீற்றல் இருந்துச்சே. கூட இருந்தது யாரு?”

யாருமே கவனிக்கவில்லை என்றால் காரை நிறுத்தியது யார் என்றுதான் நான் யோசித்தேன்.

அடுத்த வாரம் கம்பெனியின் இயந்திரப் பிரிவு ஆள் பதிவுத் தாளோடு வந்தார். 4.16க்கு யாரோ ‘சண்டை’யை அழுத்தியிருக்கிறார்கள். எந்த மேசை? என் மேசை. என் எண். நாற்காலி காலியாக இருந்தது என்று ஏழு பேரும் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்.

“அத அழுத்தினா கார் நின்னுருமா?” என்றேன்.

“நின்னு கதவெல்லாம் தெறந்துரும். ஏன், உங்களுக்குத் தெரியாதா?”

தெரியாது. பயிற்சியில் படிவம் நிரப்பத்தான் சொல்லிக் கொடுத்தார்கள்.

மூன்று வாரம் முந்தைய அந்தப் படத்தைப் பற்றிக் கேட்டேன். அவர் தயங்கினார். வெளியே மூச்சு விடக் கூடாது என்று சொல்லிவிட்டுத் தாளைத் திருப்பிக் காட்டினார்.

12.52க்கு நான் அழுத்தியிருக்கிறேன். கார் போய் நின்றது 1.33க்கு. இறங்கியது ஆண் மட்டும். அவள் பின்சீட்டிலேயே கிடந்திருக்கிறாள். போலீஸ் வந்தபோது உடம்பில் சூடு ஆறவில்லையாம். கார் நிற்பதற்கு முந்தைய இரண்டு மூன்று நிமிடத்தில்தான் உயிர் போயிருக்கும் என்று எழுதியிருந்தது.

சாப்பிட்டு, கை கழுவி, அண்ணனோடு அரட்டை அடித்து, நான் மறுபடியும் என் நாற்காலியில் வந்து உட்கார்ந்தது 1.25க்கு.