ஆளுக்கு இருபத்தெட்டு சென்ட்

என் மேசையில் பேனாக்கள் நிற்கும் கண்ணாடிக் குவளை பேனாக்களுக்காகச் செய்யப்பட்டதல்ல. அடி குறுகி, மேலே போகப்போக அகன்று, பக்கத்தில் கோடு கோடாக எண்கள் போட்டது. வீட்டுக்கு வருகிறவர்கள் ஏதோ மருந்தளக்கிற சாமான் என்று நினைத்துக்கொள்கிறார்கள். நான் மறுப்பதில்லை. உண்மையில் அது காப்பி எஸ்டேட்டில் மழையளக்கிற கிளாஸ். தினமும் காலையில் மழைமானியில் சேர்ந்த தண்ணீரை அதில் ஊற்றி, எத்தனை சென்ட் என்று பார்ப்பார்கள். நூறு சென்ட் சேர்ந்தால் ஓர் அங்குலம். சனிக்கிழமை சாயங்காலங்களில் அதற்கு வேறு வேலை இருந்தது.

அப்போது நான் நாகலூரில் தற்காலிக வாத்தியார். சம்பளமும் தற்காலிகமாகத்தான் வரும். ஏற்காட்டுக் கடை வாசலில், முன்பின் தெரியாத இரண்டு பேர் பாதிப் பாதி காசு போட்டு ஒரு குவாட்டர் வாங்கிப் பிரித்துக்கொள்வார்கள். அதற்குக் கட்டிங் என்று பெயர். சமத்துவத்தைப் பற்றி நான் படித்த தடித்த புத்தகங்கள் எல்லாம் சொல்லத் தவித்ததை அந்த வாசலில் இரண்டு நிமிடத்தில் முடித்துவிடுவார்கள். ஆனால் எனக்கு அந்த வாசல் ஆகாது. அங்கே நிற்கிற பாதிப்பேர் என் மாணவர்களின் அப்பாக்கள். ஆகவே எனக்குக் கட்டிங் போட நிரந்தரமான, வாய் இறுக்கமான ஒரு ஆள் தேவைப்பட்டார். எஸ்டேட் ரைட்டர் கிடைத்தார். ஆள்பதிவு, கூலி, மழை எல்லாம் அவர் பொறுப்பு. என்னைவிட இருபது வயதாவது மூத்தவர். சனிக்கிழமை சந்தைக்குப் போகிற சாக்கில் பஸ்ஸில் போய், தக்காளிக்கு அடியில் குவாட்டரை வைத்துக் கொண்டுவருவார்.

கண்ணளவில் பிரிப்பது அவருக்குப் பிடிக்காது. "கண்ணு பொய் சொல்லுங்க சாமி. அதும் தாகமா இருக்கறப்ப நொம்பப் பொய் சொல்லும்" என்பார். ஆபீசுக்குப் பின்னால் பம்ப் ஷெட்டில் உட்கார்ந்து, மழைக் கிளாஸைத் துடைத்து, வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்து ஊற்றுவார். ஆளுக்கு இருபத்தெட்டு சென்ட். பிறகு எவர்சில்வர் டம்ளரில் அதே அளவு தண்ணீர். வழியில் என்னைப் பார்த்து அவர், "ஏனுங்க வாத்தியாரே, சாயங்காலம் மழை வருமாட்டம் இருக்குதுங்களே?" என்று கேட்டால், வானம் பளிச்சென்று இருந்தாலும் நான் குடையோடு கிளம்பிவிடுவேன்.

அந்த வருஷம் பூ மழை பிந்திவிட்டது. மாசி, பங்குனியில் ஓர் அங்குலமாவது பெய்தால்தான் காப்பி மொட்டு விரியும். பெய்யாவிட்டாலும் பரவாயில்லை, காத்துக்கொண்டிருக்கும். அரைகுறையாகப் பெய்தால்தான் ஆபத்து. மொட்டு பாதி கண் விழித்து, மேற்கொண்டு தண்ணீர் இல்லாமல் கருகிவிடும், அந்த வருஷத்து விளைச்சல் போச்சு. முதலாளி பொறுத்துப் பார்த்துவிட்டு, வாடகைக்குப் பெரிய பம்ப் ஒன்றைக் கொண்டுவந்து இறக்கினார். திங்கட்கிழமை ஸ்பிரிங்க்ளர் போடுவதாகத் திட்டம்.

அதற்கு முந்தைய சனிக்கிழமை. இன்னும் வெயில் போகவில்லை. இரண்டு டம்ளரும் நிரம்பிவிட்டன. நான் ஒரு மடக்குக் குடித்தேன், ரைட்டர் இன்னும் வாயில் வைக்கவில்லை. சேலத்தில் இருக்க வேண்டிய முதலாளியின் ஜீப் வளைவில் உறுமியது. எஸ்டேட்டுக்குள் குடித்தால் அன்றைக்கே கணக்கு முடித்து அனுப்புவது அவர் வழக்கம். ரைட்டருக்கு வேலை போனால் வீடும் போகும். எஸ்டேட் கொடுத்த வீடு. வேறு யாராக இருந்தாலும் டம்ளரைச் செடிக்கடியில் கவிழ்த்திருப்பார்கள். ரைட்டர் இரண்டு டம்ளரையும் எடுத்துக்கொண்டு ஓடி, கம்பிவேலிக்குள் நின்ற மழைமானியின் புனலில் ஊற்றினார். உள்ளே இருக்கிற பாட்டிலில் பத்திரமாக இறங்கிவிடும், ஜீப் போனதும் எடுத்துக்கொள்ளலாம் என்று கணக்கு. "கீழ கொட்ட மனசு வரலீங்க" என்று பிறகு சொன்னார்.

முதலாளி அவரை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு பம்ப் குழாய்களைக் காட்டப் போனார். அவர்கள் திரும்புவதற்குள் இடி இடித்தது, மழை பிடித்துக்கொண்டது. நான் எஸ்டேட் ஆபீசுக்கு எதிரே இருந்த என் வாடகை அறையின் ஜன்னலில் நின்று, எங்கள் குவாட்டர் மேல் பூ மழை பெய்வதைப் பார்த்தேன்.

காலையில் ரைட்டர் போவதற்கு முன்பே முதலாளி சேலத்திலிருந்து ஆபீசுக்குப் போன் போட்டுவிட்டார். எடுத்தவர் வாட்ச்மேன். அளக்கத் தெரிந்தவர், அளந்து ஒன்றரை அங்குலம் என்று சொல்லியும் விட்டார். முதலாளி மகிழ்ந்துபோய், பம்பை இன்றைக்கே திருப்பி அனுப்பச் சொல்லிவிட்டார்.

"மழைத்தண்ணி கமகமன்னு இருந்துதுங்க ரைட்டரே. அதையும் முதலாளிகிட்டச் சொன்னனுங்க. பூ வாசமா இருக்குமுன்னாரு" என்றார் வாட்ச்மேன். அவர் நின்ற நிலை அவ்வளவு நேராக இல்லை.

"அளந்த தண்ணி எங்கய்யா?"

வாட்ச்மேன் செருப்பைப் பார்த்தார். "கீழ கொட்ட மனசு வரலீங்க."

ரைட்டர் மழைக் கிளாஸோடு என் அறைக்கு வந்தார். "மழை எவ்வளவு, நம்முளுது எவ்வளவுன்னு பிரிக்கோணுமுங்க" என்றார். ஊற்றிய பிராந்தி தெரியும், கலந்த தண்ணீர் தெரியும். தெரியாதது நான் குடித்த அந்த ஒரு மடக்கு.

"ஒரு மடக்குன்னா? வாத்தியார் மடக்கா, மனுசன் மடக்கா?"

"சின்ன மடக்குதாங்க."

அவர் நம்பவில்லை. செம்பில் தண்ணீர் கொடுத்து, நேற்றுக் குடித்த மாதிரியே வாய்க்குள் வாங்கச் சொன்னார். வாங்கினேன். மழைக் கிளாஸை என் தாடைக்குக் கீழே நீட்டி, "துப்புங்க" என்றார். ஒரு பட்டதாரியை இதைவிடத் துல்லியமாக யாரும் மதிப்பிட்டதில்லை. கோட்டைப் பார்த்துவிட்டு அவர் என்னைப் பார்த்த பார்வையில், எத்தனை சனிக்கிழமைகளாக இப்படி என்ற கேள்வி இருந்தது. கழித்துப் பார்த்தால் உண்மையான மழை அரை அங்குலத்துக்குக் கொஞ்சம் குறைவு. மொட்டைக் கொல்லுகிற மழை. வெளியே பம்பை லாரியில் ஏற்றக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார்கள்.

"வாட்ச்மேன் தப்பாப் பாத்துட்டாருன்னு சொல்லிருங்க" என்று நான் யோசனை சொன்னேன். படிப்பு அதற்குத்தான் உதவியது.

"அவனுக்கும் இங்கதானுங்க ஊடு" என்றார்.

ஆபீசில் போனை எடுத்து, நின்றபடியே பேசினார். "ஏனுங்க முதலாளி, மழை அரை இஞ்சுக்குக் கம்மிதானுங்க... இல்லீங்க, வாட்ச்மேன் சரியாத்தான் பாத்தான். மீதி பிராந்திங்க... ஆமாங்க, நானு ஊத்துனதுதான்... தண்ணி கலந்துதானுங்க." என் பெயர் வரும் என்று கதவோரம் காத்திருந்தேன். வரவில்லை. கடைசியில் போனை வைத்துவிட்டு வெளியே வந்து, "கயித்த அவுருங்கப்பா" என்றார். நேராக வீட்டுக்குப் போய்ப் பெட்டியைக் கட்டி வைத்தார்.

பம்ப் ஓடியது. அடுத்த வாரத்துக்கடுத்த வாரம் மலைச்சரிவு முழுக்க வெள்ளை வெளேரென்று பூத்தது. ஆளை மயக்குகிற வாசம். முதலாளி வந்தார், பூவைப் பார்த்தபடி நடந்தார், ரைட்டர் பின்னாலேயே நடந்தார். ஜீப்பில் ஏறும்போது முதலாளி புதுக் கிளாஸ் ஒன்றை எடுத்து நீட்டினாராம். "பழசை நீயே வச்சுக்க. அது இனிமே மழைக்கு ஆகாது." அவ்வளவுதான். அன்று சாயங்காலம் ரைட்டர் பெட்டியை அவிழ்த்தார்.

வேலையிலிருந்து ஓய்வுபெற்று வாழவந்தியில் மகள் வீட்டுக்குப் போகும்போது, பழைய கிளாஸை என்னிடம் கொடுத்தார். மகள் ரொம்பக் கண்டிப்பு. இப்போது என்னால் முழு பாட்டிலே வாங்க முடியும். பாதியை நீட்ட எதிரில் ஆளில்லாததால், வாங்குகிற ஆசை எப்போதோ போய்விட்டது. தவிர, டாக்டர் ஒருவர் இருக்கிறார்.

போன வாரம் இங்கே ஏற்காட்டில் முதல் மழை. பேனாக்களை எடுத்து வைத்துவிட்டு, மாடியில் நான் வைத்திருக்கும் மழைமானியில் சேர்ந்ததை அளந்தேன். ஒவ்வொரு வருஷமும் செய்வதுபோல ரைட்டருக்குப் போன் போட்டேன்.

"நாப்பது சென்ட்டுங்க."

"அதுல நம்முளுது எவ்வளவுங்க சாமி?"

"ஒன்னுமில்லீங்க. எல்லாம் மழைதான்."

"அப்பப் பத்தாதுங்களே. பம்ப்பு போடச் சொல்லுங்க" என்றார்.

பம்ப் ஷெட் இருந்த இடத்தில் இப்போது ஒரு விடுதியின் நீச்சல்குளம் இருக்கிறது. "சொல்றனுங்க" என்றேன். போனை வைத்த பிறகும், நாற்பது சென்ட் மழையோடு அந்தக் கிளாஸைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கீழே கொட்ட மனசு வரவில்லை.