யெஸ் அமுக்கச் சொன்னவன்

போன வாரம் ஆம்பூர் ஸ்டேஷனில் ஜெயசீலி மேடத்தைப் பார்த்தேன். காட்பாடி வண்டிக்காக நின்றுகொண்டிருந்தார். பிளாட்பாரத்தின் மறுகோடிக்கு நழுவிவிடலாமா என்று யோசித்தேன் – அதற்குள் என்னைப் பார்த்துவிட்டார்.

ஏன் நழுவ வேண்டும்? சொல்கிறேன். இதுவரை வீட்டில்கூடச் சொன்னதில்லை.

ஐந்து வருடத்துக்கு முன்னால் நான் ஒரு ஷூ கம்பெனியில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஜெயசீலி அங்கே மெர்ச்சண்டைசர். வெளிநாட்டு பையர் அனுப்பும் டிசைனை வாங்கி, சாம்பிள் செய்யவைத்து, ஓகே வாங்கும் வேலை. பதினோரு வருட சர்வீஸ். எல்லாம் மெயிலில்தான் நடக்கும்.

ஒருநாள் பையரிடமிருந்து உத்தரவு வந்தது. டிசைன் வெளியே கசியக் கூடாது. மெயில் சர்வருக்குத் திங்கட்கிழமைக்குள் செக்யூரிட்டி சர்டிபிகேட் போடுங்கள். இது அசல் சர்வர்தான் என்று பிரவுசருக்குக் காட்டும் அத்தாட்சி அது. முறையாக வாங்குவதென்றால், அதற்கென்று இருக்கும் நிறுவனத்துக்குக் கம்பெனி காகிதங்களை அனுப்பி, அவர்கள் சரிபார்த்து... வாரக்கணக்கில் ஆகும். நான் என்ன செய்தேன்? நானே ஒன்று தயாரித்துப் போட்டுவிட்டேன். சர்வரில் அதற்கும் வழி இருக்கிறது.

திங்கள் காலை பிரவுசரில் மெயிலைத் திறந்தால், மஞ்சள் முக்கோணத்தோடு ஒரு பெட்டி. இந்தச் சர்டிபிகேட்டைக் கொடுத்தவரை நம்ப முடியாது, தொடரவா? யெஸ், நோ. எல்லோரும் ஒழுங்காக 'நோ' அமுக்கியிருக்கிறார்கள். ஒருவருக்கும் மெயில் இல்லை.

பர்ச்சேஸ் ரஃபீக் பாய் போனில் வந்தார். "இன்னா சார் பண்ணி வெச்சீங்க? காலைலேர்ந்து ஒரே பேஜாரா இருக்கு."

விஷயத்தைச் சொன்னேன். சிரித்தார். "நம்ம தோலை நாமளே பாஸ் பண்ணி முத்திரை குத்திக்கிட்டா, எவன் சார் எடுப்பான்?"

தோல் ஊரில் எல்லோருக்கும் தெரிந்த நியாயம்தான். எனக்குத்தான் மண்டையில் ஏறவில்லை. 'எச்சரிக்கை வந்தால் யெஸ் அமுக்கவும்' என்று பேப்பரில் அடித்து, கையெழுத்துப் போட்டு, எல்லா மானிட்டரிலும் ஒட்டினேன். பிரச்னை தீர்ந்தது. வாசலுக்குப் பூட்டு மாட்டிவிட்டு, யார் தட்டினாலும் திறங்கள் என்று வீட்டாருக்குச் சொல்லிக்கொடுத்திருந்தேன்.

மூன்று மாதம் கழித்து, பையரின் குளிர்கால டிசைன் வேறொரு கம்பெனி ஷோரூமில் உட்கார்ந்திருந்தது. அந்தப் படங்கள் இருந்தது ஜெயசீலியின் மெயிலில் மட்டும்.

அவரிடம் போய்க் கேட்டேன்.

"போன மாசம் ஒரு மெயில் வந்துச்சு சார். மெயில் பாக்ஸ் ஃபுல்லாய்டுச்சு, பாஸ்வேர்டு போடுங்கன்னு. தொறந்தா அதே மஞ்சள் பெட்டி. நீங்க சொன்ன மாதிரி யெஸ் அமுக்கினேன். ஏன் சார், தப்பா?"

"இல்ல மேடம்" என்றேன். அது எவனோ அனுப்பிய போலி மெயில்; அவர் போட்ட பாஸ்வேர்டு நேராக அவன் கைக்குப் போயிருக்கிறது.

மதியம் எம்.டி. கூப்பிட்டார். "அந்தம்மா மெயில வேற யாராவது தொறந்திருக்க முடியுமாய்யா?"

உண்மையைச் சொன்னால் என் சீட்டு கிழிந்துவிடும். வீட்டில் இரண்டு குழந்தைகள்... என் வாயிலிருந்து வந்தது இதுதான்: "சர்டிபிகேட் போட்டிருக்கோம் சார். வேற யாரும் உள்ள வர முடியாது."

மாலைக்குள் எல்லா மானிட்டரிலிருந்தும் என் பேப்பரைக் கிழித்தெடுத்தேன். அந்த வாரமே ஜெயசீலியிடம் ராஜினாமா எழுதி வாங்கினார்கள். டிசைனை விற்றவள் என்ற பெயர் பேரணாம்பட்டு வரை போய்விட்டது. அதன் பிறகு எந்த ஷூ கம்பெனியும் அவரைக் கூப்பிடவில்லை.

யோசித்துப் பாருங்கள். மெஷின் பாவம், எச்சரிக்கத்தான் செய்கிறது. தெரிந்த ஆள் ஒருவர் பக்கத்தில் நின்று 'பரவால்ல, அமுக்குங்க' என்றால் நாம் யாரை நம்புவோம்? ஆளைத்தான். நம்பியவர் மேல் குற்றமே இல்லை. இதை எழுதும்போதுகூட எனக்குக் கை கூசுகிறது.

ஸ்டேஷனில் அவர் என் குழந்தைகளை விசாரித்தார். ஒரு ஸ்கூல் ஆபீஸில் வேலை பார்க்கிறாராம். அப்புறம் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்:

"அன்னிக்கு ஆளாளுக்குப் பேசினாங்க. நீங்க ஒருத்தர்தான் சார் என்னைப் பத்தித் தப்பா ஒரு வார்த்தை சொல்லல. தினமும் ஜெபத்துல உங்க குடும்பத்தையும் வெச்சி ஜெபிக்கிறேன்."

வண்டி வர இன்னும் பத்து நிமிடம் இருந்தது. சொல்லியிருக்கலாம்.

"தேங்க்ஸ் மேடம்" என்றேன்.