மூலையில் இருந்த பட்டன்

“ஒங்க வீட்டுல நீதான மொத மொத பள்ளிக்கூடம் போனவ. கம்ப்யூட்டர ஒழுங்கா அமத்தவாது தெரியுமா, ஏட்டி?”

நான் வேலைக்குச் சேர்ந்த அன்று எங்கள் கணக்கர் அண்ணாச்சி கேட்டது இது. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பஸ்ஸில் ராஜபாளையம் வந்து, பேண்டேஜ் கம்பெனியில் லேபிள் அடிப்பவள் நான். திரையின் இடது கீழ்மூலையில் இருந்த ஸ்டார்ட் பட்டனைப் பார்க்காமலே அழுத்தி, கம்ப்யூட்டரை அணைத்து அமர்த்திக் காட்டினேன்.

சென்ற மாதம் கம்ப்யூட்டர் தானாகவே அப்டேட் ஆகி முகத்தையே மாற்றிக்கொண்டது. அன்றே கரண்டும் போனது. யுபிஎஸ் கத்தத் தொடங்கியது. அதன் பேட்டரி தீர்ந்து அடங்குவதற்குள் முறைப்படி அமர்த்தாவிட்டால் உள்ளிருப்பது கெட்டுவிடலாம். மதியம் லாரி ஏற வேண்டிய பெட்டிகளின் லேபிள்கள் எல்லாம் அதில்தான் இருந்தன. வழக்கமான மூலையை அழுத்தினேன். ஒரு நடிகையின் கல்யாணச் செய்தி விரிந்தது. மூடிவிட்டு மறுபடி அழுத்தினால் மறுபடி அதே நடிகை. 

“அன்னைக்கே கேட்டேம்லா?” என்று அண்ணாச்சி சிரித்தார்.

“சரி, நீங்களே வந்து அமத்துங்க அண்ணாச்சி.”

அவரும் தேடினார். “எங்கட்டி ஒளிச்சு வச்சிருக்கான், களவாணிப்பய?”

நல்லவேளை, அதற்குள் கரண்ட் வந்துவிட்டது.

பிறகு பார்த்தால், பட்டன் திரையின் அடியில் நடுவே, வேறு படங்களோடு கலந்து நின்றது. நன்றாக இருந்ததை இடம் மாற்றிவிட்டு அதைப் புதுமை என்கிறார்கள். ஒன்றும் தெரியாதவள் என்ற பெயர் நமக்கு! நினைத்தாலே அருவருப்பாக இருக்கிறது.

இப்போது லேபிள்களைப் பென்டிரைவிலும் வைக்கிறேன். செட்டிங்ஸில் தேடி, பட்டனைப் பழைய மூலைக்கே கொண்டுவந்துவிட்டேன். மாற்றியவர்களுக்குப் புகாரும் அனுப்பியாயிற்று, தமிழிலேயே.