ஸ்கூட்டரில் பதிந்த கை

மகன் வாசல் கேற்றுக்குச் சாம்பல் பெயின்ற் அடிக்கிறான். அந்த மணம் மூக்கில் ஏறியதுமே எனக்குப் பழைய எரிச்சல் வந்துவிட்டது.

அறுபதுகளில் திருகோணமலைத் துறைமுகத்துக்குக் கிட்ட இருந்தோம். பக்கத்து வீட்டு மரியநாயகம் மாமா ஒரு பழைய ஸ்கூட்டரை முற்றத்தில் போட்டுப் போர்க்கப்பல் மாதிரி ஆக்கினார். கப்பலுக்கு அடிக்கிற அதே சாம்பல் பெயின்ற், முன்னுக்கு வெள்ளையில் பெரிய இலக்கம், பின்னுக்கு வெள்ளைக்காரன் விட்டுப்போன தோட்டாப் பெட்டி. அந்தப் பெட்டியில் அவர் மகள் றீற்றா இருந்து போவாளாம். றீற்றா என் வகுப்பு. என் அப்பாவிடம் சைக்கிள்தான் இருந்தது.

பெயின்ற் காய்வதற்கு முதல், ஒருவரும் இல்லாத நேரம் பார்த்து, ஸ்கூட்டரின் முன்பக்கத்தில் என் உள்ளங்கையை அழுத்திப் பதித்தேன். நாசமாய்ப் போகட்டும். பிறகு மண்ணெண்ணெய் போட்டுக் கையைத் தேய்த்துக் கழுவினேன்.

அடுத்த நாள் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தேன். மாமா சிரித்தார்.

"இது எங்கட றீற்றாவின்ர வேலை! நல்லாத்தான் இருக்கு. இதையே கப்பலின்ர சின்னமா வைப்பம்."

பதிந்த விரல்களைச் சுற்றி வெள்ளைக் கோடும் கீறினார். றீற்றா அவருக்குப் பெயின்ற் பேணியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிய எல்லாரும் ஸ்கூட்டரைச் சுற்றி நின்றார்கள். "ஆற்ற கை இது?"

"என்ர கை," என்றாள் றீற்றா.

அவளின் விரல்கள் குட்டை. ஒருவரும் வைத்துப் பார்க்கவில்லை. என்ர கை என்று சொல்ல எனக்கு ஏலாது. சொன்னால் ஏன் பதித்தேன் என்றும் சொல்லவேண்டும்.

"அம்மா, கேற்றைத் தொட்டிடாதேங்கோ," என்கிறான் மகன்.

"ஓம்," என்று சொல்லிவிட்டு, அவன் தூரிகை கழுவப் போகும்வரை காத்து நிற்கிறேன்.